முத்திரைகள் பல, சாட்சி ஒருவர்

ஒரு கம்பெனியின் காகிதம் கடல் கடந்து போவதற்கு முன்னால் அதன்மேல் விழும் முத்திரைகளைப் பற்றி இன்று பேசப்போகிறேன். மேடைக்கு ஏற்ற பொருளாக இது தோன்றாது. ஆனால் வெளிநாட்டு வணிகத்தின் வாசற்படி இதுதான். கோயம்புத்தூரில் தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு தனியார் கம்பெனியை உதாரணத்துக்குக் கற்பனை செய்துகொள்வோம். துபாயில் ஒரு கிளை திறக்க வேண்டும். ஜெர்மனியில் ஒரு துணை நிறுவனம் தொடங்க வேண்டும். சிங்கப்பூர் வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டும். மூன்று இடத்திலும் கேட்கும் தாள்கள் ஏறக்குறைய ஒன்றே: பதிவுச் சான்றிதழ், மெமோராண்டம், ஆர்ட்டிகிள்ஸ், இயக்குநர் குழுவின் தீர்மானம், அங்கே போய்க் கையெழுத்திடப்போகும் ஒருவருக்கு எழுதிக்கொடுத்த பவர் பத்திரம். தாள்களுக்குப் பின்னால் இருக்கும் கேள்வியும் ஒன்றே. இப்படி ஒரு கம்பெனி உண்மையில் இருக்கிறதா? இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் அவர்தானா? கம்பெனியின் பெயரில் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் உண்டா? தாளின்மேல் இருக்கும் முத்திரைகளில் எது இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது என்பதே என் பேச்சு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தாளின்மேல் நான்கு முத்திரை விழுந்தால் நான்கு பேர் அதைச் சரிபார்த்தார்கள் என்று நினைக்கிறோம். சரிபார்த்தவர் ஒருவரே. மற்ற மூவரும் தமக்கு முந்தியவரின் கையெழுத்தை மட்டுமே பார்த்தார்கள். அந்த ஒருவர் நோட்டரி. எதிரே உட்கார்ந்தவரின் முகத்தையும் அவர் கொண்டுவந்த பதிவேட்டையும் நோட்டரி பார்க்கும் பத்து நிமிடம்தான் சங்கிலி முழுவதையும் தாங்குகிறது. அந்தப் பத்து நிமிடத்தை நாம் சடங்காக்கிவிட்டோம். தாளை அலுவலகப் பையனிடம் கொடுத்தனுப்பி முத்திரை வாங்கிவரச் சொல்கிறோம். பிறகு வரும் முத்திரைகளுக்காக நாள்கணக்கில் அலைகிறோம். கவனம் வைக்க வேண்டிய இடத்தில் அவசரமும், அவசரமாக முடிக்கக்கூடிய இடத்தில் அலைச்சலுமாக வேலை தலைகீழாகக் கிடக்கிறது.

சங்கிலி எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். துபாய்க்குப் போகும் பவர் பத்திரத்தில் நிர்வாக இயக்குநர் கையெழுத்திடுகிறார். நோட்டரி சான்றுரைக்கிறார். அடுத்தது வர்த்தக சபை. வணிக ஆவணங்களை ஒரு வர்த்தக சபை முதலில் சான்றுரைத்துத் தர வேண்டும் என்பது நம் வெளியுறவு அமைச்சகத்தின் நடைமுறை. சென்னைக்கு இத்தகைய சபைகள் புதியவை அல்ல; மெட்ராஸ் சேம்பர் 1836இல் தொடங்கியது, தென்னிந்திய வர்த்தக சபை 1909இல் தொடங்கியது. அதன்பின் அமைச்சகம். முன்பு இதற்கு டெல்லி பாட்டியாலா ஹவுஸுக்குத்தான் தாள் போக வேண்டும். 2019 முதல் சென்னை உட்படப் பல நகரங்களிலும் அந்த வேலை நடக்கிறது. தூதரக முத்திரைக்குப் பதிலாக ஒரே சான்றை ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் உடன்படிக்கையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்; ஐக்கிய அரபு அமீரகம் அதில் சேராத நாடு. ஆகவே அதன் தூதரகமும் ஒரு முத்திரை வைக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு மேசையிலும் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். தூதரகம் அமைச்சக அதிகாரியின் கையெழுத்தைத் தன்னிடமுள்ள மாதிரியோடு ஒப்பிடுகிறது. அமைச்சகம் சபை அலுவலரின் கையெழுத்தை ஒப்பிடுகிறது. சபை தனக்கு முன்னால் உள்ள கையெழுத்தைப் பார்க்கிறது. ஒவ்வொருவரும் ஒரு படி பின்னால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். கோயம்புத்தூரில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார் என்பதை அவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை. பார்ப்பது அவர்கள் வேலையும் இல்லை.

மூலத்தையும் கையெழுத்தையும் நேரே பார்ப்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். பெரிய புராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவை நினைவுக்கு வருகிறது. மணப்பந்தலில் வந்து நின்ற முதியவர், சுந்தரர் தமக்கு அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழிக்கிறார். வழக்கு அவைக்கு வருகிறது. கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். அந்தணர் அடிமையாவது எங்கும் கேட்டதில்லையே என்று அவையோர் தயங்குகிறார்கள். ஆனாலும் அவர்கள் தீர்ப்பைத் தங்கள் வியப்பின்மேல் கட்டவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டிலும் கையெழுத்து ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வழக்குத் தொடுத்தவர் இறைவனே என்றாலும் மூலமா படியா, கையெழுத்து யாருடையது என்ற இரண்டு கேள்வியையும் அந்த அவை விடவில்லை. நோட்டரியின் மேசையில் இன்று கேட்க வேண்டியதும் அந்த இரண்டு கேள்விதான். கம்பெனி என்பது கையில்லாத ஆள் என்பதால் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொள்கிறது: இந்தக் கை யாருக்காக எழுதுகிறது?

முத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் ஹேக் நகரில் 1961 அக்டோபர் 5ஆம் நாள் ஓர் உடன்படிக்கை உருவானது. 1965 ஜனவரி 24 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் பொருந்துகிறது. சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும், சீனா 2023 நவம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும் அதற்குள் வந்தன; இன்று 125க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. உறுப்பு நாடுகளுக்கிடையே தூதரக முத்திரை தேவையில்லை. ஆவணம் பிறந்த நாட்டின் அதிகாரி ஒட்டும் அப்போஸ்டில் என்ற ஒரே சான்று போதும். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 9 செ.மீ. உள்ள ஒரு சதுரம், பிரெஞ்சு மொழியில் தலைப்பு, எண்ணிட்ட 10 வரிகள்: இவ்வளவுதான் அது. இந்தியாவில் அதற்கான அரசுக் கட்டணம் 50 ரூபாய். ஆனால் அந்தச் சதுரம் என்ன சொல்கிறது என்பதை உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு அளந்து வைத்திருக்கிறது. கையெழுத்து மெய்யானது, கையெழுத்திட்ட அலுவலர் இன்ன பதவியில் இருந்து அதைச் செய்தார், முத்திரை அவருடையதே. மூன்றே செய்தி. ஆவணத்தில் எழுதியிருப்பது உண்மை என்று அப்போஸ்டில் ஓர் எழுத்தும் சொல்வதில்லை. நோட்டரி சான்றுரைத்த தாளின்மேல் அது ஒட்டப்படும்போது, அது நோட்டரியைப் பற்றிப் பேசுகிறதே தவிர, கம்பெனியைப் பற்றிப் பேசவில்லை.

அப்போஸ்டில் எந்தத் தாளின்மேல் ஒட்டலாம் என்பதிலும் ஒரு குழப்பம் உலவுகிறது. உடன்படிக்கையின் முதல் பிரிவு பொது ஆவணங்களுக்கு மட்டுமே இடம் தருகிறது; வணிகம், சுங்கம் ஆகியவற்றை நேரடியாகச் சார்ந்த நிர்வாக ஆவணங்களை விலக்குகிறது. இதைப் படித்துவிட்டு, கம்பெனிக் காகிதம் எதற்கும் அப்போஸ்டில் கிடையாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பிழை. விலக்கப்பட்டவை அரசு அலுவலகங்கள் வணிகத்துக்காகத் தரும் உரிமங்கள், சரக்கு பிறந்த நாட்டுச் சான்று போன்றவை. அந்த விலக்கையும் குறுகிய பொருளிலேயே கொள்ள வேண்டும் என்பது ஹேக் மாநாட்டு அமைப்பின் நிலைப்பாடு. இயக்குநர் குழுத் தீர்மானமும் பவர் பத்திரமும் தனியார் தாள்கள். அவை தம்மளவில் பொது ஆவணம் ஆகமாட்டா. நோட்டரியின் சான்று அவற்றோடு சேரும்போது அந்தச் சான்றுதான் பொது ஆவணம். அப்போஸ்டில் ஒட்டப்படுவது அதற்காகத்தான். நோட்டரி இல்லாவிட்டால் அந்தத் தாளுக்கு ஹேக் உடன்படிக்கையின் கதவு திறக்காது. நோட்டரியை இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. சட்டத்தின் அமைப்பே அப்படி இருக்கிறது.

நோட்டரி யார்? 1952க்கு முன்னால் இந்தியாவில் நோட்டரிகள் பலர் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயரின் கீழிருந்த ஒரு மன்றத்திடமிருந்து அதிகாரம் பெற்றவர்கள். 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் உண்டியல்களை மறுத்ததற்குச் சான்று எழுதும் அளவுக்கு மட்டும் நோட்டரிகளை நியமிக்க அரசுக்கு இடம் தந்தது. 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டம்தான் இந்த வேலையை முழுமையாக நம் அரசின் கையில் கொண்டுவந்தது. பொதுவாக 10 ஆண்டு வழக்கறிஞராக இருந்தவர் நோட்டரி ஆகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 7 ஆண்டு போதும். 5 செ.மீ. விட்டமுள்ள வட்ட முத்திரையும் ஒரு பதிவேடும் அவரிடம் இருக்க வேண்டும். ஓர் ஆவணம் எழுதிக்கொடுக்கப்பட்டதை, அதாவது கையெழுத்திட்ட செயலை, சரிபார்த்துச் சான்றுரைப்பது அவருடைய முதல் பணி என்று சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. செயலைச் சரிபார்க்க வேண்டுமானால் செயல் அவர் கண்முன் நடக்க வேண்டும், அல்லது செய்தவர் நேரில் வந்து என் கையெழுத்துத்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

இதில் இன்னொரு சிக்கல், நோட்டரி என்ற சொல் எல்லா நாட்டிலும் ஒரே ஆளைக் குறிப்பதில்லை. இலங்கைத் தமிழர் நொத்தாரிசு என்கிறார்கள். அங்கே 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி உறுதி எழுதுபவரே அவர், அவரில்லாமல் நிலம் கைமாறாது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் நோட்டரி ஆவணத்தைத் தாமே வரைந்து, இரு தரப்புக்கும் பொருள் விளக்கி, உள்ளடக்கத்துக்கும் பொறுப்பேற்கும் சட்ட அறிஞர். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வழக்கறிஞர் படிப்பே இல்லாதவரும் நோட்டரி ஆகலாம். ஆகவே நம் ஊர் முத்திரையைப் பெறும் வெளிநாட்டு அதிகாரி, தம் ஊர் நோட்டரியை மனத்தில் வைத்தே அதைப் படிக்கிறார். பிராங்க்ஃபர்ட்டில் உட்கார்ந்திருப்பவர் அதில் மிகுதியாக எதிர்பார்ப்பார்; வேறொருவர் ஒன்றையும் எதிர்பார்க்கமாட்டார். இந்த இடைவெளியை முத்திரையின் வட்டம் நிரப்பாது. யார் வந்தார், எந்த அடையாளத்தைக் காட்டினார், எந்தப் பதவியில் கையெழுத்திட்டார், எந்தத் தீர்மானத்தை நோட்டரி பார்த்தார் என்று வாக்கியமாக எழுதிய சான்றுதான் நிரப்பும். நம் வழக்கமோ, அட்டெஸ்டட் என்ற ஒரு சொல்லும் ஒரு கிறுக்கலும்.

அந்த வாக்கியம் எவ்வளவு எடை உள்ளது என்பதற்கு நம் உச்ச நீதிமன்றமே 1970இல் சாட்சி சொல்லியிருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு நோட்டரியின் முன்னால் எழுதப்பட்ட பவர் பத்திரம் இந்திய நிலப் பதிவுக்கு வந்தது. வெளிநாட்டு நோட்டரியும் நோட்டரியே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் முதலில் வந்த பத்திரத்தில், கையெழுத்திட்டவர் இன்னார் என்று நோட்டரி உறுதிசெய்துகொண்டதற்கான சான்று இல்லை. அந்தக் குறை எடுத்துக்காட்டப்பட்டது. அதைச் சரிசெய்து எழுதப்பட்ட இரண்டாவது பத்திரமே நிலைநின்றது. இதன் உட்பொருளைக் கவனியுங்கள். நோட்டரி முன் எழுதிச் சான்றுரைக்கப்பட்ட பவர் பத்திரம் முறையாக எழுதப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும் என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 85ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அந்த அனுமானத்தை வைத்திருக்கிறது. அந்தச் சலுகை முத்திரைக்காகத் தரப்பட்டது அல்ல. ஆளை அறிந்தேன் என்று ஒருவர் பொறுப்போடு சொன்னதற்காகத் தரப்பட்டது.

கம்பெனி ஆவணத்தில் ஆளை அறிவது பாதி வேலைதான். முன்னே சொன்ன துபாய்ப் பத்திரத்துக்குத் திரும்புவோம். அதில் நிர்வாக இயக்குநர் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டார் என்று சொன்னேன்; அப்போது யாருக்கும் அது உறுத்தியிருக்காது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் பாருங்கள். இந்தியாவிலோ வெளியிலோ கம்பெனிக்காகப் பத்திரங்களை எழுதிக்கொடுக்க ஒருவரை முகவராக நியமிக்க, கம்பெனியின் பொது முத்திரையோடு எழுத்தில் தர வேண்டும். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பொது முத்திரையைக் கட்டாயமில்லை என்று ஆக்கியது. ஆனால் முத்திரை இல்லாத கம்பெனியில் இரண்டு இயக்குநர்களோ, ஓர் இயக்குநரும் கம்பெனி செகரட்டரியும் சேர்ந்தோ அந்த அதிகாரத்தைத் தர வேண்டும் என்றும் சொன்னது. நம் கற்பனைக் கம்பெனியிடம் பொது முத்திரை இல்லையென்றால், துபாய்ப் பத்திரம் பிறக்கும்போதே ஊனத்தோடு பிறந்தது. வர்த்தக சபையைத் தாண்டியது, அமைச்சகத்தைத் தாண்டியது, தூதரகத்தைத் தாண்டியது. நான்கு முத்திரைக்குப் பிறகும் அந்த ஊனம் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அதைப் பிடிக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். ஆர்ட்டிகிள்ஸையும் தீர்மானப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்கும் நோட்டரியின் மேசை.

நகல்களிலும் இதே கதைதான். இன்றைய பதிவுச் சான்றிதழ் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்திலிருந்து மின்னணுக் கையெழுத்தோடு வரும் கோப்பு. அதை அச்சிட்டு எடுத்துப்போனால், எந்த மூலத்தோடு ஒப்பிட்டு நோட்டரி ட்ரூ காப்பி என்று எழுதுவார்? அச்சுத்தாளை இன்னோர் அச்சுத்தாளோடு ஒப்பிடுவது ஒப்பிடல் ஆகாது. நேர்மையான வழி இரண்டு. ஒன்று, நோட்டரி தம் திரையிலேயே பதிவகத் தகவலைத் திறந்து பார்த்து, இன்ன தேதியில் பார்த்தேன் என்று எழுதுவது. மற்றொன்று, கம்பெனிகள் சட்டத்தின் 399ஆம் பிரிவின்படி பதிவாளரிடமே சான்றிட்ட நகல் வாங்குவது. அது மூலத்துக்குச் சமமான சாட்சியம். தீர்மான நகலைப் பொறுத்தவரை இன்னும் ஒரு எச்சரிக்கை. தமக்கு அதிகாரம் தரும் தீர்மானத்தின் நகலைத் தாமே சரி என்று சான்றிடும் இயக்குநர், தம் கல்யாணத்துக்குத் தாமே சாட்சிக் கையெழுத்துப் போடுபவரைப் போன்றவர். வேறோர் இயக்குநரோ கம்பெனி செகரட்டரியோ அதைச் செய்யட்டும்.

முதல் கண்ணியின்மேல் நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனி உதாரணம். இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்த இரு நாடுகளுக்கிடையே அப்போஸ்டில் செல்லாது. பழைய தூதரக முத்திரையாவது உண்டா என்றால், இந்தியாவில் உள்ள ஜெர்மன் தூதரகங்கள் இந்தியப் பொது ஆவணங்களுக்கு அதையும் நிறுத்திவைத்தன. பதிலாக, ஓர் ஆவணத்தின்மேல் ஐயம் வந்தால் வழக்கறிஞரை அனுப்பி ஆவணம் பிறந்த அலுவலகத்திலேயே விசாரிக்கிறார்கள். சங்கிலியை அறுத்துவிட்டு நேரே ஊற்றுக்கண்ணுக்குப் போகிறார்கள். ஜெர்மனியில் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கம்பெனி தொடங்கப் பிரதிநிதிக்குத் தரும் பவர் பத்திரம் நோட்டரியால் எழுதப்பட்டோ கையெழுத்து உறுதிசெய்யப்பட்டோ இருக்க வேண்டும்; அந்தக் கையெழுத்தை ஜெர்மன் தூதரக அதிகாரியும் உறுதிசெய்யலாம், ஆனால் ஆள் நேரில் போக வேண்டும். நாம் வீட்டுப் பக்கத்திலேயே முடித்திருக்கக்கூடிய பத்து நிமிட வேலை, தூதரகத்தில் நாள் குறித்துக் காத்திருக்கும் வேலையாகிவிடுகிறது. நம்பிக்கையின்மைக்கு வரி கட்டுவது நேர்மையான கம்பெனியும்தான்.

இது வெளிநாட்டார் நம்மேல் சுமத்தும் அவமதிப்பு என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அவர்களிடம் கேட்பதைப் பாருங்கள். வெளிநாட்டவர் ஒருவர் இந்தியக் கம்பெனி தொடங்கப் பங்குதாரராகக் கையெழுத்திட்டால், 2014ஆம் ஆண்டுக் கம்பெனி நிறுவல் விதிகளின் 13ஆம் விதி அதைப் பற்றிப் பேசுகிறது. காமன்வெல்த் நாட்டில் இருந்தால் அங்குள்ள நோட்டரியின் சான்று. ஹேக் உறுப்பு நாட்டில் இருந்தால் நோட்டரியோடு அப்போஸ்டில். இரண்டுமில்லாத நாட்டில் இருந்தால் நோட்டரியோடு தூதரக உறுதி. மூன்று வகையிலும் மாறாமல் நிற்பது நோட்டரி. மற்றவை நாட்டுக்கு நாடு மாறுகின்றன.

இப்போது எதிர்வாதங்கள். முதலாவது, சிறு ஏற்றுமதியாளரின் முறையீடு. திருப்பூரில் இருபது தையல் இயந்திரம் வைத்திருப்பவரிடம் தீர்மானப் புத்தகம், இரண்டு இயக்குநர், நேரில் ஆஜர் என்று கேட்பது கொடுமை அல்லவா? சுமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சுமை எங்கே விழுகிறது என்று பிரித்துப் பாருங்கள். அலைச்சலும் ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணமும் பெரும்பாலும் பிந்தைய முத்திரைகளில்தான் போகின்றன. முதல் மேசையில் போவது பத்து நிமிடம். முதல் மேசையில் பிழைபட்ட தாள் துபாயிலோ ரோட்டர்டாமிலோ திருப்பி அனுப்பப்பட்டால், முழு ஊர்வலமும் மீண்டும் தொடங்க வேண்டும். பெரிய நிறுவனம் அந்தத் தாமதத்தைத் தாங்கும், சிறியவர் தாங்கமாட்டார். குறைக்க வேண்டிய சுமை பின்னால் உள்ளது. அமைச்சக முத்திரை வேலையைச் சென்னைக்குக் கொண்டுவந்ததைப் போல இன்னும் பரவலாக்கக் கேட்போம். அமீரகம் போன்ற நாடுகளோடு எளிய வழி காணச் சொல்லி அரசை வற்புறுத்துவோம். முன்னால் உள்ளதைக் குறைத்தால் சிறியவருக்குத்தான் முதல் அடி.

இரண்டாவது எதிர்வாதம் இளைஞர்களுடையது. மின்னணுக் கையெழுத்து இருக்கிறது, கம்பெனிப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, இனி நோட்டரி எதற்கு? பதிவேடு திறந்திருப்பது பெரும் வரம். கம்பெனி இருக்கிறதா, இயக்குநர் யார் என்ற கேள்விகளுக்கு அது எந்த நோட்டரியையும்விட நன்றாகப் பதில் சொல்லும். ஆனால் கையெழுத்துப் போட்டது அவர்தானா என்ற கேள்வி மிஞ்சுகிறது. மின்னணுக் கையெழுத்து ஒரு சாவியின் அடையாளம். சாவி யார் கையில் இருந்தது என்பது அதற்குத் தெரியாது. அந்தச் சாவி அடங்கிய எத்தனையோ இயக்குநர்களின் டோக்கன்கள் ஆடிட்டர் அலுவலக மேசை டிராயரில் உறங்குவதை இங்குள்ள பலரும் அறிவீர்கள். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பவர் பத்திரத்தைத் தன் எல்லைக்கு வெளியே வைத்ததும், 2022இல் குறிப்பிட்ட நிதி நிறுவனங்களுக்குத் தரும் பத்திரங்களுக்கு மட்டுமே அதைத் தளர்த்தியதும் காரணமில்லாமல் அல்ல. ஜெர்மனி 2022 ஆகஸ்ட் 1 முதல் கம்பெனியை இணையவழி தொடங்க இடம் தந்தது. அங்கேயும் நோட்டரி போகவில்லை. வீடியோவில் முகம் பார்க்கிறார். கருவி மாறியது, பார்ப்பவர் மாறவில்லை.

மூன்றாவது எதிர்வாதம் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. உள்ளடக்கம் உண்மையா என்று பார்க்காத சான்றால் என்ன பயன்? ஐரோப்பிய நோட்டரியைப் போல நம் நோட்டரியும் முழுப் பொறுப்பேற்கட்டும் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பம்பு கம்பெனியின் கணக்கு சரியா என்பதை ஆடிட்டர் சொல்ல வேண்டும். சரக்கின் தரத்தைப் பரிசோதனைக் கூடம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒருவரையே பொறுப்பாக்கினால் ஒன்றுக்கும் அவர் பொறுப்பேற்கமாட்டார். யார் சொன்னார் என்பது உறுதியாகிவிட்டால், பொய் சொன்னவரைப் பொய் சொன்னவராகப் பிடிக்க முடியும். நான் கையெழுத்திடவே இல்லை என்று பின்னால் அவர் நழுவ வழியில்லை. சான்றின் பயன் அதுதான். அது சிறிய பயன் அல்ல.

நான்காவது எதிர்வாதமே கூர்மையானது. நீதிமன்ற வாசலில் ஆளைப் பார்க்காமலே முத்திரை குத்தித் தரும் மேசைகள் இருக்கும்போது, எல்லாப் பாரத்தையும் நோட்டரியின்மேல் ஏற்றுவது மணலில் தூண் நடுவதல்லவா? குறை உண்மை. ஆனால் அதிலிருந்து வரும் முடிவு என் பக்கமே சேர்கிறது. முதல் கண்ணி பலவீனமானால் அதன்மேல் இன்னும் இரண்டு முத்திரை சேர்ப்பதால் பலம் வராது. மெய்யான முத்திரைகள் பொய்யான தொடக்கத்துக்கு மரியாதை தேடித்தரும், அவ்வளவுதான். மருந்து அங்கேயே இருக்கிறது. பதிவேட்டில் ஒவ்வொரு சான்றும் ஏறுகிறதா என்ற ஆய்வு, அடையாளச் சான்றின் விவரத்தோடு எழுதிய வாக்கியம், ஆள் வராவிட்டால் மறுக்கும் துணிவு: இவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டாம், இருக்கிற 1952ஆம் ஆண்டுச் சட்டமும் விதிகளும் போதும். மலிவான முத்திரையை மலிவாக வைத்திருப்பது நோட்டரி மட்டும் அல்லர். ஆள் வர வேண்டும் என்று சொன்ன நோட்டரியை விட்டு, சொல்லாத நோட்டரியைத் தேடிப்போகும் கம்பெனியும்தான்.

ஆகவே இங்கே கூடியிருக்கும் கம்பெனி செகரட்டரிகளுக்கும் முதலாளிகளுக்கும் என் வேண்டுகோள் எளியது. அடுத்த முறை வெளிநாட்டுக்கு ஒரு பத்திரம் அனுப்பும்போது தாளை மட்டும் நோட்டரியிடம் அனுப்பாதீர்கள். கையெழுத்திடுபவர் தாமே போகட்டும். பாஸ்போர்ட், ஆர்ட்டிகிள்ஸ், தீர்மானப் புத்தகம் மூன்றையும் கையோடு எடுத்துப்போகட்டும். நோட்டரி கேட்காவிட்டாலும் அவற்றை அவர் மேசைமேல் வையுங்கள். பார்த்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் முத்திரை வாங்காமல் எழுந்து வாருங்கள்.